செத்த வரிகளை அள்ளும் நேரம்

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் பையை இறக்கி வைப்பதற்குள் அலுவலகக் குழுவில் ரூபனின் செய்தி வந்து உட்கார்ந்திருக்கிறது. "அடுத்த திங்கள் முதல் சீட் டேபிளில் பகல் நேர வேக்யூம் கிடையாது. விடியற்காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத மூன்று மணி நேரம் மட்டும் ஓடும்." கீழே பத்துப் பேர் கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறார்கள். அதில் பாதிப் பேருக்கு வேக்யூம் என்றால் சோபா துடைக்கிற மெஷின் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினோரு வருஷமாக இந்தக் கம்பெனியின் டேட்டாபேஸைக் கட்டிக் காப்பவள் நான். தமிழ்நாட்டில் ஓடுகிற ஆம்னி பஸ்களில் பாதிக்கு எங்கள் தளத்தில்தான் சீட் பிடிக்கிறார்கள். அந்த சீட்டுகள் எல்லாம் என் கையால் வளர்ந்த டேபிளில் இருக்கின்றன. ரூபன் வந்து எட்டு மாதம் ஆகிறது. போன தீபாவளி முன்பதிவு தொடங்கிய அன்று தளம் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டது. அதற்குத் தண்டனையாக முதலாளி கோதண்டபாணி சார் கூட்டிவந்து என் தலைக்கு மேல் உட்கார வைத்த ஆள் இவன். எல்லோரையும் பார்த்துச் சிரிப்பான். எப்போதும் சிரிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

மாவு தீர்ந்துவிட்டது. நாளைக்கு உப்புமாதான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சாப்பிடும்போது சிவநேசன் கேட்டார்.

"குப்பைய எப்ப அள்ளுனா என்ன? அதுக்கா ரெண்டு நாளா மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

கட்டிய கணவர் என்பதால் பொறுமையாக விளக்கினேன். ஒருவர் திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னல் சீட்டைத் தொடுகிறார். 'காலி' என்று இருந்த வரியை டேட்டாபேஸ் அழிப்பதில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு 'பிடித்து வைத்தது' என்று புதிதாக இன்னொரு வரி எழுதும். அவர் பணம் கட்டாமல் போனால் மறுபடி 'காலி' என்று மூன்றாவது வரி. ஒரு சீட்டுக்கு மூன்று வரி, அதில் இரண்டு செத்தவை. ஏன் உடனே தூக்கி எறிவதில்லை என்றால், அந்த நேரத்தில் வேறு யாராவது பழையதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர் பார்த்து முடிக்கும்வரை அவருடைய உலகம் கலையக் கூடாது. இனி யாருக்கும் வேண்டாம் என்று ஆன பிறகு வந்து செத்ததை அள்ளுவதுதான் வேக்யூம்.

"அள்ளலன்னா?"

"தேடுற ஒவ்வொருத்தரும் பொணத்தத் தாண்டித் தாண்டிப் போய் உயிரோட இருக்குற வரியக் கண்டுபிடிக்கணும். நாளாக ஆக மெதுவாயிரும்."

"அள்ளுனா?"

"அள்ளுற நேரத்துல சர்வருக்கு அந்த வேலையும் சேர்ந்துக்கும். தேடுறவங்களுக்குக் கொஞ்சம் மெதுவாகும்."

"அப்ப எப்படிப் பார்த்தாலும் மெதுவாத்தான் ஆகுது."

இதுதான் சிவநேசன். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளினால் அந்தச் சுணக்கம் யார் கண்ணுக்கும் தெரியாது, அது என் வழி. பகலில் தொடாதே, ஆள் இல்லாதபோது ஒரே மூச்சில் அள்ளு என்பது ரூபன் வழி. போன தீபாவளியன்று பகலில் அள்ளிக்கொண்டிருந்ததால்தான் தளம் படுத்தது என்று அவன் கண்டுபிடித்து வைத்திருக்கிறான். அன்று டிஸ்க் பழசு. அதை நான் ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன். இதையும் சொல்ல ஆரம்பித்தபோது அவர் ரசத்துக்குக் கை நீட்டினார். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கோதண்டபாணி சார் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். நான் சொன்னதையும் கேட்டார், அவன் சொன்னதையும் கேட்டார். ஒன்றும் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில் மேஜையைத் தட்டினார்.

"எனக்கு வரியும் வேணாம் வாக்கியமும் வேணாம். செப்டம்பர் பதினஞ்சு காலைல ஒம்பது மணிக்கு தீபாவளி சீட் திறக்குறோம். போன வருஷம் மாதிரி படுத்துச்சுன்னா, பஸ் ஓனருங்க என்னைய ரோட்டுல நிக்க வச்சுக் கேப்பாங்க. அப்படி ஆச்சுன்னா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் இங்க இருப்பீங்க. இப்பவே சொல்லிட்டேன்."

"சரி சார்" என்று சிரித்தான் ரூபன். நான் சிரிக்கவில்லை. ஆனால் சந்தோஷமாக இருந்தது. அவன் செய்கிற காரியத்துக்குப் பதினைந்தாம் தேதி தளம் படுக்காமல் எங்கே போகும்? அப்போது யார் போவது என்று பார்க்கலாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வாயால் சொன்னால் இங்கே யாருக்கும் ஏறாது, அத்தாட்சி வேண்டும். தளம் மெதுவானால், பணம் கட்டாதவர்களின் சீட்டுகள் நேரத்துக்கு விடுபடாமல் 'பிடித்து வைத்தது' என்றே தொங்கும். அவனுடைய முறை ஆரம்பிப்பதற்கு முன்னால் எத்தனை தொங்கின, பிறகு எத்தனை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் கோதண்டபாணி சாருக்கே புரியும். அதற்கு இன்றைய டேபிள் அப்படியே எனக்கு வேண்டும்.

முறையாகச் செய்வதென்றால் ஒரு நகல் எடுத்துத் தனியாக வைக்கலாம். அதற்கு டிஸ்கில் இடம் வேண்டும். இப்போதெல்லாம் இடம் வேண்டுமென்றால் ரூபனுக்கு எழுத வேண்டுமாம். எழுத மாட்டேன். என் வீட்டில் எனக்குப் பாய் விரிக்க அவன் யார்?

ஆகவே வேறு மாதிரி செய்தேன். மூலையில் கிடக்கும் பழைய மெஷினிலிருந்து சர்வரோடு ஒரு செஷன், அதாவது தனித் தொடர்பு, திறந்து, இந்த நிமிஷத்தில் டேபிள் எப்படி இருக்கிறதோ அப்படியே எனக்குக் காட்டிக்கொண்டே இரு என்று கட்டளை கொடுத்து விட்டுவிட்டேன். வெளியே உலகம் எப்படி மாறினாலும் அந்த ஜன்னலில் எப்போதும் ஆகஸ்ட் இருபத்திரண்டு மாலைதான். சும்மா திறந்து கிடக்கிற செஷன்களைத் துண்டிக்க ஒரு விதி உண்டு. அது நிர்வாகிகளின் கணக்கைத் தொடாது. விதி, விலக்கு இரண்டையும் எழுதியவள் நானே.

வரும்போது மாவு வாங்கினேன். புளித்துப் போயிருக்கிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஆரம்பித்துவிட்டான். தளம் பறக்கிறது. பகலில் அள்ளும் வேலை இல்லாததால் முதல் நாள் பறக்கத்தான் செய்யும். இது தெரியாமல் கஸ்டமர் கேர் பெண்கள் அவனுக்கு பிஸ்தா கேக் வாங்கிவந்து வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. சர்க்கரை இருக்கிறது என்று திருப்பி அனுப்பினேன். எனக்குச் சர்க்கரை இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை எல்லாம் வாய் திறந்துகொண்டது. மாவு சரியில்லை.

சிவநேசன் மெதுவாக ஆரம்பித்தார். தீபாவளிக்குத் திருநெல்வேலியில் அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டுமாம். "அண்ணி நேத்து போன்ல கூப்பிட்டாங்க. உன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க." ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் பத்துப் பேர் நடுவில் அந்த அண்ணி என்னைப் பார்த்து என்ன சொன்னாள் என்பதை வார்த்தை மாறாமல் அவருக்கு நினைவுபடுத்தினேன். அன்று அவள் கட்டியிருந்த புடவை நிறம் உட்பட.

"அவங்களுக்கே அது ஞாபகம் இருக்காது, கமலம்."

"எனக்கு இருக்கு."

"உனக்கு எல்லாமே இருக்கும்" என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டார். எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்பது என் குற்றமா?

ஆகஸ்ட் 29, வெள்ளி

தேடல் கொஞ்சம் கனத்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரிகிறது. நான் ஏன் சொல்ல வேண்டும்?

செப்டம்பர் 2, செவ்வாய்

இப்போது எல்லோருக்கும் தெரிகிறது. மதுரை என்று அடித்தால் பஸ் பட்டியல் வருவதற்குள் கொட்டாவி வருகிறது. பிஸ்தா கேக் கோஷ்டி பேசாமல் போனை எடுத்துத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது.

மதியம் ரூபன் லேப்டாப்பைத் திறந்தபடியே என் இடத்துக்கு வந்தான்.

"மேடம், வேக்யூம் தினமும் ஓடி ஒழுங்கா முடியுது. ஆனா செத்த வரி குறையவே மாட்டேங்குது. அது எழுதி வைக்கிற லாக்ல 'இவற்றை இப்போது நீக்க முடியாது'ன்னு வருது. ஒரு தடவ பாக்குறீங்களா?"

"மூணு மணி நேரத்துல ஒரு நாள் குப்பைய அள்ள முடியாதுன்னு அன்னைக்கே சொன்னேன்."

"இல்ல மேடம், நேரம் பத்தலன்னா பாதில நிக்கும். இது முழுசா ஓடுது. ஓடியும் எதையும் எடுக்க மாட்டேங்குது. அதான்..."

"உங்க முறை. நீங்களே பாத்துக்கங்க."

லேப்டாப்பை மூடிக்கொண்டு போய்விட்டான். அவன் திருப்பிக் காட்டிய திரையை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாதது அதில் என்ன இருக்கப் போகிறது?

செப்டம்பர் 4, வியாழன்

அறிக்கை அழகாக வந்துகொண்டிருக்கிறது. மூலை மெஷினில் என் பழைய ஜன்னலைப் பார்ப்பேன், பிறகு இன்றைய டேபிளைப் பார்ப்பேன், பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன். தொங்கும் சீட்டுகள் மூன்று மடங்குக்கு மேல் போய்விட்டன. ஆகஸ்ட் இருபத்திரண்டு மாலை அங்கே அசையாமல் இருக்கிறது. அன்று கும்பகோணம் பஸ்ஸில் யாரோ பிடித்து வைத்த கடைசி வரிசை சீட் இன்னும் அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. பார்க்கவே நிறைவாக இருக்கிறது. பதினைந்தாம் தேதி வரைக்கும் மூடாமல் வைத்திருந்து, அன்றைய கணக்கையும் சேர்த்து, சார் மேஜையில் வைக்கப் போகிறேன்.

கேஸ் தீர்ந்துவிட்டது. இரண்டாவது சிலிண்டரும் காலி. போன மாதமே சிவநேசனிடம் சொன்னேன்.

செப்டம்பர் 8, திங்கள்

ரூபன் மறுபடி வந்தான். சரியாகத் தூங்காத முகம். சிரிப்பு மட்டும் இருக்கிறது, ஆனால் பழைய பளபளப்பு இல்லை.

"யாராவது பழைய செஷன் எதையாவது திறந்து போட்டுட்டாங்களான்னு சந்தேகமா இருந்துச்சு மேடம். நீங்க எழுதி வச்சிருக்கீங்கல்ல, தொங்குற செஷன் பட்டியல், அதப் போட்டுப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல."

"இல்லன்னா இல்லதான்."

"அந்தப் பட்டியல் எல்லாத்தையும் காட்டும்ல?"

"அத எழுதுனவ நான். உங்களுக்கு சந்தேகமா இருந்தா வேற எழுதிக்கங்க."

"ஐயோ, அப்படி இல்ல மேடம்" என்று போய்விட்டான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏதோ ஒன்று மனசில் இடறியது. அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டோமோ என்று வருமே, அந்த மாதிரி. என்னவென்று யோசிக்கவில்லை. வடபழனியில் உட்கார இடம் கிடைத்தது, கண்ணை மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் 10, புதன்

ரூபன் சாரிடம் கெஞ்சினான். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் தளத்தை மூடிவிட்டு டேபிளை முழுசாகப் புதிதாக எழுதிவிடலாம் என்றான். எழுதும் நேரத்தில் ஒருவரும் ஒரு சீட்டையும் தொட முடியாது, ஆனால் திங்கள் காலை சுத்தமாகத் தொடங்கலாம் என்றான். சார் என்னைப் பார்த்தார்.

"வேணாம் சார். முகூர்த்த நாள். அதோட பாதில ஏதாவது ஆச்சுன்னா மொத்தமும் போச்சு" என்றேன். சாரும் வேண்டாம் என்றுவிட்டார்.

சொன்னது பொய் இல்லை. ஆபத்து உண்டுதான். ஆனால் ஆபத்துக்காக நான் சொல்லவில்லை. அவன் தப்பித்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். இது என் டைரி, இங்கே மறைக்க என்ன இருக்கிறது?

செப்டம்பர் 12, வெள்ளி

வேலைக்காரி வரவில்லை. பாத்திரம் மலையாகக் கிடக்கிறது. சிவநேசன் ஞாயிறு சேர்த்துத் தேய்த்துத் தருகிறேன் என்றார். சேர்த்துவைத்துத் தேய்க்கிறவர்களை எனக்குத் தெரியும். நானே தேய்த்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

"ஆபீஸ்லேயே ஒரு சீட் போட்டுக் குடேன்" என்று சிவநேசன் கேட்டார். ஊர் உலகத்தைப் போல நாளைக்கு ஒன்பது மணிக்கு வரிசையில் நில்லுங்கள் என்றேன். அறிக்கையை அச்செடுத்துப் பைக்குள் வைத்திருக்கிறேன். இன்றைக்கு நன்றாகத் தூங்குவேன்.

செப்டம்பர் 15, திங்கள்

எழுதிவிடுகிறேன். நடந்ததை நடந்த மாதிரி.

ஒன்பது மணிக்குத் திறந்தார்கள். முதல் ஐந்து நிமிஷம் ஓடியது. பிறகு ஒவ்வொரு தேடலும் இழுத்தது. சென்னை, திருநெல்வேலி என்று அடித்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று வாரத்துச் செத்த வரிகளைத் தாண்டிப் போய் ஒரு உயிருள்ள சீட்டைத் தேட வேண்டும், அதுவும் ஊரே ஒரே நேரத்தில் தேடினால் என்ன ஆகும்? கஸ்டமர் கேரில் எல்லா போனும் ஒன்றாக அடித்தது. கோதண்டபாணி சார் ஒரு காதில் ஒரு பஸ் ஓனர், இன்னொரு காதில் இன்னொருவர் என்று நடந்துகொண்டிருந்தார். வேட்டி நுனி தரையில் இழுபட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

நான் ரூபனுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பையில் அறிக்கை. உள்ளுக்குள் எனக்குக் கல்யாணக் கச்சேரி.

அவன் பகலிலேயே வேக்யூமை ஓட்டினான். ஓடி முடிந்தது, ஒரு வரிகூட நீங்கவில்லை. மறுபடி ஓட்டினான், மறுபடி ஒன்றும் இல்லை. அவன் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. "ஏன், ஏன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ஒரு வாரத்தில் அதை விட்டுவிட்டான் போலிருக்கிறது.

அறிக்கையில் கடைசி வரியாக இன்றைய கணக்கைச் சேர்க்கலாம் என்று என் இடத்துக்கு வந்தேன். சர்வரில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் போட்டால் கனமாக இருக்கும் என்று தோன்றியது. நிர்வாகிகளை விட்டுவிடும் என் பட்டியலைப் போடாமல், எல்லோரையும் காட்டுகிற மூலப் பட்டியலைப் போட்டேன். பழையது மேலே வரும்படி.

முதல் வரியில் என் பெயர் இருந்தது. செங்கமலம், ஆகஸ்ட் 22, மாலை.

யாரோ ஒருவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் பார்க்கிற உலகத்தைக் கலைக்கக் கூடாது. அவர் பார்க்கத் தொடங்கிய பிறகு செத்த எந்த வரியையும் தொடக் கூடாது. இதைத்தான் சோற்றுத் தட்டு முன்னால் சிவநேசனுக்குப் பாடம் நடத்தினேன். மூன்று வாரமாக அந்த ஒருவர் நான்தான். விடியற்காலைகளில் அவனுடைய வேக்யூம் வந்து, கதவைத் தட்டிப் பார்த்து, உள்ளே ஆள் இருக்கிறது என்று வெறுங்கையோடு திரும்பிப் போயிருக்கிறது. லாக் அதைத்தான் சொன்னது. அவன் அதைத்தான் என்னிடம் கொண்டுவந்து காட்டினான்.

எழுந்து போய் மூலை மெஷினில் செஷனை மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது, "வேகத்தக் கூட்டி இன்னொரு தடவ போடுறேன் சார்" என்று ரூபன் சொல்வது கேட்டது. மூன்றாவது தடவையாக அழுத்தினான்.

இந்தத் தடவை அள்ளியது. திரையில் நீங்கிய வரிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. காபி ஆறுவதற்குள் மதுரை வந்தது, கோயம்புத்தூர் வந்தது, நாகர்கோவில் வந்தது. அலுவலகம் முழுக்கக் கை தட்டியது. சார் ரூபனைத் தோளோடு அணைத்துக்கொண்டார். நானும் கை தட்டினேன், தட்டாவிட்டால் கவனிப்பார்கள் என்று.

சிவநேசன் போன் செய்தார். கொஞ்சம் இழுத்ததாம், ஆனால் சீட் கிடைத்துவிட்டதாம். எத்தனை போட்டீர்கள் என்று கேட்டேன். ஒன்று என்றார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சார் காலையிலேயே கூப்பிட்டார். ரூபன் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தான்.

"நேத்து மானத்தக் காப்பாத்துனவன் ரூபன். நீங்க கையக் கட்டிக்கிட்டு நின்னீங்க, கமலம். நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்குல்ல?"

இருக்கிறது. நல்ல பேரோடு எழுந்து வந்திருக்கலாம். பதினோரு வருஷம் உழைத்த அம்மா, புதுசு ஒத்துவரவில்லை, போய்விட்டார் என்று பேசிக்கொள்வார்கள். வேறு கம்பெனி பார்த்துக்கொண்டிருக்கலாம். நேற்று நடந்தது எனக்கும் அந்த மூலை மெஷினுக்கும் மட்டும்தான் தெரியும். எழுந்திருக்கக்கூடச் செய்தேன்.

அப்போது ரூபன் சொன்னான்: "நான் பெருசா ஒண்ணும் பண்ணல சார். வேகத்தக் கூட்டுனேன், புடிச்சிருச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அவனுக்கு அது சொந்தமில்லை.

"வேகத்தால ஒண்ணும் புடிக்கல" என்றேன். "ரெண்டு தடவ ஓட்டி ஒரு வரியக்கூட எடுக்க முடியல, மூணாவது தடவ எப்படி எடுத்துச்சுன்னு யோசிச்சீங்களா? என் செஷன் ஒண்ணு திறந்து கெடந்துச்சு. ஆகஸ்ட் இருபத்திரண்டுலேருந்து. அது இருக்குற வரைக்கும், அதுக்கப்புறம் செத்த எதையும் நீங்க தலைகீழா நின்னாலும் அள்ள முடியாது. நான் போய் மூடுனேன். அப்புறம்தான் அள்ளுச்சு. நேத்து காப்பாத்துனது நான் சார், இவர் இல்ல."

ரூபனின் சிரிப்பு போய்விட்டது. எனக்கு அவ்வளவு இதமாக இருந்தது. எட்டு மாதத்தில் அவன் முகத்தை முதல் தடவையாகச் சிரிப்பு இல்லாமல் பார்த்தேன்.

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவருக்கு டேட்டாபேஸ் தெரியாது. ஆனால் முப்பது வருஷமாக பஸ் ஓனர்களோடு குடும்பம் நடத்துகிறவர்.

"சரி. காப்பாத்துனது நீங்க. அப்ப படுக்க வச்சது?"

நான் மேஜையில் கிடந்த கண்ணாடியைப் பார்த்தேன்.

"ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்க, கமலம். வேலை தெரிஞ்சவங்க நீங்க, அதனால கேக்குறேன். உங்க செஷன் திறந்து கெடக்கலன்னா, ரூபன் சொன்ன மாதிரி ஆளில்லாத நேரத்துல மட்டும் அள்ளுனதே நேத்தைக்குப் போதுமா இருந்திருக்குமா?"

எவ்வளவோ சொல்லலாம். எட்டு மாதமாக நான் கத்தியது எல்லாம் இந்த ஒரு கேள்விக்கான பதில்தான். ஆனால் கணக்கு எனக்குத் தெரியும். மூன்று மணி நேரத்தில் எவ்வளவு அள்ளும், ஒரு பகலில் எவ்வளவு சேரும், எல்லாம் தெரியும். இந்த விஷயத்தில் மட்டும் எனக்குப் பொய் வராது.

"போதும் சார்" என்றேன்.

ஒருவர்தான் இருக்க முடியும் என்று சார் சொல்லியிருந்தார். அந்த ஒருவர் யார் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் அவருக்கு விளக்கியவள் நான்தான். எனக்கு அவமானமாக இருக்கிறது. கோபமும் குறையவில்லை.

செப்டம்பர் 17, புதன்

கணக்குகளை ஒப்படைக்கிற நாள். ரூபனோடு ஒரே மேஜையில் அரை நாள் உட்கார வேண்டியிருந்தது. கடவுச்சொல், காவல் விதிகள், எது எப்போது ஓடும், எல்லாவற்றையும் கொடுத்தேன். நிர்வாகிகள் கணக்கைத் தொடாதே என்ற என் விதியை அவன் அழிப்பதை உட்கார்ந்து பார்த்தேன். சரியாகத்தான் அழித்தான்.

நடுவில் திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"நகல் வைக்க இடம் வேணும்னு ஒரு வரி எழுதியிருந்தா ரெண்டு நிமிஷத்துல குடுத்திருப்பேனே மேடம்?"

"உங்ககிட்டயா?"

அவன் ஏதோ வரைபடத்தை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தான்.

"தீபாவளி வாரத்துல ஆட்கள் ராத்திரியெல்லாம் சீட்ட மாத்திக்கிட்டே இருப்பாங்க. ஆளில்லாத நேரமே கிடையாது. அப்ப என் முறை பத்தாது. அந்த ஒரு வாரம் பகல்ல உங்க மாதிரி கொஞ்சம் கொஞ்சமா ஓட விடலாம்னு நினைக்கிறேன். எவ்ளோ வேகத்துல விட்டா தேடுறவங்களுக்குத் தெரியாது?"

அவன் முகத்தைப் பார்க்காமல் சீறினேன்.

"இதைத்தானே எட்டு மாசமா சொல்லிக்கிட்டிருக்கேன்!"

ரூபன் திரும்பி என்னைப் பார்த்தான். முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. தூக்கம் கெட்ட ஒரு மனிதனின் முகம், அவ்வளவுதான்.

"கத்திக்கிட்டிருந்தீங்க மேடம். சொல்லல."

அவன் கேட்ட வேகத்தை ஒரு காகிதத்தில் எழுதி, கீபோர்டின் மேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.